நுளம்பு வராத அறை

புளியங்கூடலில் நுளம்பு கடிக்காத ஒரேயொரு அறை தன்னுடைய வீட்டில்தான் இருக்கிறது என்று ஆழ்வாப்பிள்ளையர் அந்த வருஷம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கேட்டவனையும் விடவில்லை, கேளாதவனையும் விடவில்லை. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற சனத்தைக்கூட மறித்து வைத்து, "நுளம்புவலை எண்டால் என்ன சாமானெண்டு அந்த அறைக்குத் தெரியாது, கண்டியளோ. எறும்பு? மருந்துக்கும் இல்லை. யன்னல் கட்டில சீனியைக் கொட்டி வைச்சுப் பாத்தனான்" என்பார். மனுசனுக்கு அவ்வளவு புழுகம். நுளம்பும் எறும்பும் அப்படி ஏன் அந்த அறையை ஒதுக்கி வைத்தன என்று ஒரு கணம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை.

அது சாதாரண அறை இல்லைத்தான். வீட்டின் மேற்குப் பக்கத்துப் பழைய நெல் அறையைப் பெருப்பித்து, சுவர் நாலுக்கும் சிப்போட் பலகை, மேலே சிப்போட் சீலிங், சுவரோடு சேர்த்து அடித்த அலுமாரியும் சிப்போட். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்கிற பலகை அது. தெற்கே கடை வைத்திருந்த காலத்தில் அந்தப் பலகையை லொறி லொறியாக விற்றவர் ஆழ்வாப்பிள்ளையர். டொக்டர் வீடு, கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து வீடு என்று அவர் விற்ற பலகையால் எத்தனையோ அறைகள் மினுங்கின. ஒன்றிலாவது அவர் தலை சாய்த்தது கிடையாது. கடைக்குப் பின்னால் சாக்குக் கட்டில்தான் அவருக்கு. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் எரிந்து போய், கட்டிலும் போய், கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது உடுத்திருந்த சாரமும், சமைத்துப் போடுவதற்கென்று கூட்டிப் போயிருந்த தங்கச்சி அம்பிகையும்தான் மிச்சம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் புகையிலைத் தோட்டத்தில் மாடாய் உழைத்தார். கொஞ்சம் நிமிர்ந்ததும் கட்டினது இந்த அறையைத்தான். தான் இன்னும் விழவில்லை என்று ஊருக்குக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அம்பிகை கலியாணம் முடித்து காரைநகரில் இருந்தாள். புருஷன் சவூதியில். முதலில் வயிற்றில் தங்கினது நிலைக்காமல் போய், இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெட்டை, பேறு பார்க்க வேண்டியது அண்ணன் வீட்டில்தான். "என்ர தங்கச்சி ராசாத்தி மாதிரிப் படுக்கவேணும்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஆழ்வாப்பிள்ளையர் பலகை ஏற்றினார்.

பலகை அடித்து முடிந்த அன்று, வேலைக்காரர் போன பிறகு, அவர் தனியே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆசை தீரப் பார்க்கத்தான். சாத்தின கையோடு மூக்குக்குள் ஏதோ சுள்ளென்று ஏறியது. கண் கரித்தது. தொண்டையில் முள் மாதிரி ஒன்று நின்றது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அந்த மணம் அவருக்குத் தெரியும்.

கடை எரிந்த நேரம் அவரும் அம்பிகையும் பின் வளவு மாட்டுக்கொட்டிலுக்குள் வாயில் சீலையை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். பெயின்ற் எரிந்தது, கயிறு எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுக்கியிருந்த பலகை பற்றியபோது ஒரு காரம் வந்தது. கண்ணைத் தோண்டுகிற காரம். அதே காரம் இங்கே, நெருப்பும் இல்லாமல், புகையும் இல்லாமல், புத்தம் புது அறைக்குள் நிற்கிறது.

'சரி, எனக்கு மண்டை பிசகிப் போச்சு' என்று நினைத்தார். ஊரில் ஒருத்தர் இருந்தார், அதே ஆடியில் தப்பி வந்தவர். போத்தல் உடைந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஆழ்வாப்பிள்ளையரும் ஒருவர். இப்போது தன் முறையாக்கும். வாயைத் திறப்பாரா? ஒரு மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் மனிசி அன்னபூரணம் அறையைக் கூட்டிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "இஞ்சேருங்கோ, உதுக்குள்ள நிக்க ஏலாது. என்னப்பா போலிஷ் இது, இப்பிடி மணக்குது?"

"புதுசெண்டால் மணக்கும்தானே. கண்டறியாத கதை."

பக்கத்து வளவு யோகம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மணம் அண்ணை" என்றாள். அன்னபூரணத்தின் தம்பி சிவகுரு, வேலணையில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவன், உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அத்தான், இது எங்கட லாப்பில தவளை ஊறப்போட்ட போத்தல் மணமெல்லோ" என்றான்.

ஆளுக்கொரு மணம்! ஒருத்திக்குப் போலிஷ், ஒருத்திக்கு ஆஸ்பத்திரி, இவனுக்குத் தவளை. எரிந்த கடை மணக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அவர்களுக்கு மணப்பது ஒன்று, தனக்கு மணப்பது வேறொன்று என்று ஆழ்வாப்பிள்ளையர் முடிவு கட்டினார். அங்கேதான் மனுசன் சறுக்கினது. ஒரே சாமானை நாலு பேர் நாலு பெயரால் கூப்பிடலாம் என்று அவருக்குப் படவேயில்லை.

சிவகுரு விடவில்லை. "பசையிலதான் வில்லங்கம், அத்தான். அதுக்குள்ள போமலின் மாதிரிச் சாமான் இருக்கு. பலகைக்குள்ளயிருந்து மெல்ல மெல்ல வெளிய வரும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதைத்தான் பாக்கவேணும்" என்று வெட்டி மிஞ்சின பலகைத் துண்டொன்றை எடுத்து ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கினான். கிழமைக்கு ஒருக்கால் திறந்து மணந்து பார்த்தான். பள்ளிக்கூட அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தானாம். பிறகு ஒரு நாள் சைக்கிளில் வந்து, முகம் மலரச் சொன்னான்: "முதல் ஒரேயடியா வந்தது, அத்தான். இப்ப குறைஞ்சுகொண்டு வருது. இந்தப் போக்கில போனால் சோளகம் முடிய முக்கால்வாசி போயிடும். பேறு நடக்கிற நேரம் ஒண்டும் இராது. நான் பொறுப்பு."

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். யன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தது. காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போனது. ஆழ்வாப்பிள்ளையர் விடியவும் பின்னேரமும் கதிரையைப் போட்டு அந்த அறைக்குள்ளேயே இருந்தார். தன் மண்டைக்கு மருந்து அதுதான் என்று அவருக்கு எண்ணம். 'மணக்கட்டும் பாப்பம், ஆர் வெல்லுறதெண்டு.' நாளாக நாளாக அந்தக் காரம் மெலிந்தது. ஒரு நாள் உள்ளே போய் மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னும் இழுத்தார். பலகை மணம்கூட இல்லை. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குச் சுகம் வந்துவிட்டதென்று பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சிதறு தேங்காய் அடித்தார். எதற்கென்று அன்னபூரணம் கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

புரட்டாதியில் அம்பிகை வந்தாள். அண்ணன் அவளைக் கையில் ஏந்தாத குறையாக நேரே புது அறைக்குத்தான் கூட்டிப் போனார். "பார், பிள்ளை! எப்பிடி?"

அம்பிகை வாசலில் நின்றாள். கை நிலையைப் பிடித்தது. முகம் வெளுத்துப் போனது.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அண்ணை. பஸ்ஸில வந்த களைப்பு." பிறகு சிரித்தாள். "வடிவான அறை."

பேறு நடக்கும் மட்டும் அவள் புழுக்கம் என்று சொல்லி விறாந்தையிலேயே படுத்தாள். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி, என்ன சொல்ல?

ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சுகமாகப் பெண் பிள்ளை பிறந்தது. ஆழ்வாப்பிள்ளையர் கற்கண்டு வாங்கி ஒழுங்கை முழுக்கக் கொடுத்தார். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று மழை கட்டி அடித்தது. பேறு பார்க்க மருத்துவிச்சி அன்னப்பிள்ளை வந்து சேர்ந்தாள். அந்தப் பகுதியில் பாதிச் சனத்துக்கு முதல் குளிப்பு வார்த்தவள் அவள்தான். வந்ததும் வராததுமாக யன்னலை எல்லாம் அடித்துச் சாத்தினாள். கீழே காற்று வருகிற நீக்கலுக்குப் பழஞ்சீலை அடைத்தாள். "பிள்ளைப்பெத்தவளுக்கு வாடைக் காத்துப் பட்டால் சன்னி, தெரியுமே? முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும் மட்டும் ஒரு சொட்டுக் காத்துப் புகக்கூடாது" என்றாள். கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி. மூலையில் நொச்சியிலை அவித்த தண்ணீர் ஆவி பறந்துகொண்டேயிருக்கும். கண் கரித்தால் தணல் புகையென்று துடைத்துக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். அன்னப்பிள்ளையில் பிழை சொல்ல ஏலாது. அவள் பேறு பார்த்தது சுண்ணாம்புச் சுவருக்குள்ளேயும் மண்வீட்டுக்குள்ளேயும்தானே.

பிள்ளை சீலை ஏணையில் கிடந்து கத்தத் தொடங்கியது. கண் சிவந்து தண்ணீர் வடிந்தது. மூக்கு அடைத்தது. பிறகு நெஞ்சு கர்ர் கர்ர் என்று இழுக்கத் தொடங்கியது. பால் குடிக்க வாய் வைக்கும், உடனே மூச்சு முட்டி முகத்தைத் திருப்பும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். டொக்டர் சளி என்று மருந்து கொடுத்து வாட்டில் வைத்திருந்தார். அங்கே பிள்ளை நல்ல சுகம். பாலும் குடித்து நித்திரையும் கொண்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கர்ர் என்றது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் சுகம், மறுபடியும் வீடு, மறுபடியும் இழுப்பு.

ஆழ்வாப்பிள்ளையருக்குத் தலை சுற்றியது. இதென்ன வருத்தம், என்ன நோய்? ஆஸ்பத்திரி வாசல் மட்டும் கூட வந்து, பிறகு வீட்டில் காவல் நிற்கிற வருத்தம் உண்டா?

"எங்கையோ ஒரு ஓட்டையால வாடை வருது" என்று அன்னப்பிள்ளை இன்னொரு சீலையைக் கிழித்து யன்னல் நீக்கலுக்குள் திணித்தாள். பிள்ளை இன்னும் இழுத்தது. தணல் புகையாக்கும் என்று அன்னபூரணம் கரியை மாற்றிச் சிரட்டைத் தணல் போட்டாள். இன்னும் இழுத்தது. வேலிக்கு மேலால் யோகம்மா, "கண்ணூறு அண்ணை. நுளம்பில்லாத அறை, எறும்பில்லாத அறையெண்டு நீங்கள்தானே தம்பட்டம் அடிச்சனீங்கள்" என்றாள். அது மனுசனுக்கு நெஞ்சில் குத்தினது மாதிரி இருந்தது. அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். இன்னும் இழுத்தது.

ஒருவேளை அந்தப் பலகைதானோ என்று ஒரு யோசனை அவருக்கு வராமல் இல்லை. ஆனால் தனக்குத்தான் ஒன்றும் மணக்கவில்லையே! அன்னபூரணத்தைக் கேட்டார். "முந்தி மணந்தது, இப்ப ஒண்டும் தெரியேல்லை" என்றாள் அவள். சரி, படித்தவனைக் கேட்போம் என்று சிவகுருவுக்கு ஆள் விட்டார். அவன் கந்தசஷ்டி விரதக்காரன். பிள்ளைப்பேற்றுத் துடக்கு வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று மழைக்குள் குடையோடு படலைக்கு வெளியில் நின்று கத்தினான்.

"அத்தான்! போத்தலை நேற்றும் திறந்து பாத்தனான்! ஒரு மணமும் இல்லை! பலகை கக்கி முடிச்சிட்டுது! வேற என்னவோ காரணம்!"

"மெய்யாச் சொல்லுறீரோ?"

"கணக்கு எண்டால் கணக்கு, அத்தான்!"

படித்தவனும் சொல்லிவிட்டான், மூக்கும் சொல்லிவிட்டது. பலகை இல்லை. அப்படியென்றால் வேறென்ன? அவர் விறாந்தையில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே பிள்ளையின் இழுப்புக் கேட்டது. தங்காமல் போன முதல் பிள்ளையை நினைத்தார். இதுவும் போனால் அம்பிகையும் கூடவே போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டில், தான் கட்டின அறையில். கும்பிட்ட சாமி எல்லாம் எங்கே போய்த் தொலைந்தன என்று வாய்விட்டே பேசினார்.

பிள்ளை குடியாததால் பால் வற்றத் தொடங்கியது. "பால் ஊறினால் பிள்ளை தேறும். பாற்சுறா வேணும்" என்றாள் அன்னப்பிள்ளை. பிள்ளைத்தாய்க்கு அதைப்போல ஒன்று இல்லை. வாடைக் காலத்தில் அந்த மீன் இந்தப் பக்கம் அகப்படாது. எழுவைதீவில் எமிலியானுஸ் என்று ஆழ்வாப்பிள்ளையருக்குப் பழக்கமான கடற்தொழிலாளி ஒருவன் இருந்தான். துறைக்குப் போய் கடைசி வள்ளத்தில் ஏறினார்.

போனவர் அங்கே மாட்டுப்பட்டார். கடல் கொந்தளித்தது. அது கொஞ்சம் அடங்க, கடலில் நேவிக் கப்பல் நிற்கிறதென்று வள்ளம் விடவில்லை. எமிலியானுஸின் கடற்கரைக் குடிலில், ஓலை படபடவென்று அடிக்க, வாடை நேரே முகத்தில் வீச, மனுசன் நாட்கணக்கில் கிடந்தார். நுளம்பு பிடுங்கித் தின்றது. எமிலியானுஸ் சிரித்தான். "நுளம்பில்லாத அறையாமே உங்களுக்கு? போகேக்க கொஞ்சத்தைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ, அண்ணை." ஆழ்வாப்பிள்ளையருக்குச் சிரிப்பு வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்கு இப்போது எப்படியோ என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கரை சேர்ந்து, பனையோலை உமல் நிறையச் சுறாவோடு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, முன் கதவைத் தள்ளினார்.

கடை எரிந்தது.

அப்படித்தான் அவருக்கு இருந்தது. அந்தக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணைப் பிடுங்கியது. மாட்டுக்கொட்டில், சீலை அடைத்த வாய், பக்கத்தில் நடுங்கின தங்கச்சி எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன. உமல் கையிலிருந்து விழுந்தது. 'திரும்ப வந்திட்டுது. தேங்காய் அடிச்சதெல்லாம் வீண். எனக்கு விசர்தான்.' வெளியே ஓடி முற்றத்து மழைக்குள் நின்றார். மூச்சை இழுத்தார். ஈர மண் மணத்தது. மாட்டுச் சாணம் மணத்தது. வேறொன்றும் இல்லை.

உள்ளே போனார். காரம். வெளியே வந்தார். ஈர மண். மறுபடியும் உள்ளே. மறுபடியும் வெளியே.

அன்னபூரணம் குசினி வாசலில் நின்று பார்த்தாள். "இதென்ன கூத்து? உள்ளுக்கும் வெளியுக்கும் நடக்கிறியள். மீனைப் பூனை கொண்டு போகப் போகுது!"

"இஞ்சேர்" என்றார் அவர். "விசர் எண்டால் வாசற்படியில நிண்டு விடுமோ?"

"ஆ?"

"மண்டைக்குள்ள இருக்கிற மணம் எண்டால் வெளி முத்தத்துக்கும் கூட வரவேணும்தானே? ஏன் வரேல்லை?"

அன்னபூரணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கும் முழுதாக விளங்கினது என்று சொல்ல ஏலாது. ஆனால் உள்ளே பிள்ளை இருமியது. இருமல் முடியாமல் இழுத்தது. அவ்வளவுதான், மனுசன் பேறு அறைக்குள் புகுந்துவிட்டார். ஆம்பிளை கால் வைக்கக் கூடாத இடம், துடக்கு, ஒன்றையும் பார்க்கவில்லை. உள்ளே கண் திறக்க முடியவில்லை. தணல் சூட்டில், ஆவியில், சாத்தின யன்னலுக்குள் அந்தக் காரம் கட்டிபட்டு நின்றது. ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கிச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்.

"ஐயோ! பச்சைப் பிள்ளையை வாடைக்குள்ள கொண்டு போறாரே! கொல்லப் போறியோ தம்பி!" அன்னப்பிள்ளை நெஞ்சில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

குளிர்காற்று முகத்தில் பட்டதும் பிள்ளைக்கு மூச்சு நின்றது மாதிரி இருந்தது. பிறகு இருமல் பிடித்தது. இருமி இருமி முகம் நீலம் பாரித்தது. ஆழ்வாப்பிள்ளையர் பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்தார். தான் செய்தது பிழையோ? அன்னப்பிள்ளை சொல்கிறதுதான் சரியோ? திரும்ப உள்ளே கொடுத்துவிடுவோமோ? அம்பிகை கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். பிள்ளையைத் தா என்று கேட்கவில்லை. உள்ளே கொண்டு வா என்றும் சொல்லவில்லை.

இருமல் மெல்ல அடங்கியது. பொழுது சாயும் நேரம் கர்ர் என்கிற சத்தம் குறைந்து வந்தது. விளக்கு வைக்கும்போது பிள்ளை தாயிடம் வாயை வைத்து, முகத்தைத் திருப்பாமல் குடித்தது. அன்னப்பிள்ளை முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு, விறாந்தைத் தூணோடு சாக்குக் கட்டி மழைச் சாரலை மறைத்தாள். "நான் கண்டறியாத புதினம்" என்று மட்டும் சொன்னாள்.

சஷ்டி முடிந்து பாறணை பண்ணின கையோடு சிவகுரு ஊறுகாய்ப் போத்தலும் கொண்டு வந்தான். ஆழ்வாப்பிள்ளையர் அவனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் நேரே போத்தல் மூடியைத் திறந்தான். பிறகு போத்தலுக்குள் இருந்த பலகைத் துண்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, தணல் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். கண்ணாடி சுட்டதும் மூடியைத் திறந்து முகர்ந்தவன், முகத்தைச் சட்டென்று திருப்பினான்.

"முடியேல்லை அத்தான். உள்ளுக்குள்ள கிடந்திருக்கு. நான் ஒரு மடையன். காய்ஞ்ச இடத்தில, நிழலில வைச்சுக் கிழமைக்குக் கிழமை திறந்து பாத்துக் கணக்குப் போட்டனான். அது போத்தலுக்குச் சரி. நீங்கள் யன்னல் திறந்து வைச்சிருந்த சோளகத்துக்கும் சரி. இப்ப சூடும் ஈரமும் சேர்ந்து, கதவையும் சாத்தினால், முதல் நாள் மாதிரித் திரும்ப வருது."

"அப்ப எனக்கேன் மணக்கேல்லை? உம்மட அக்காவுக்கேன் மணக்கேல்லை?"

"அதுக்குள்ளயே சீவிச்சால் மூக்குப் பழகிப் போகும். நாலு நாள் வெளிய நிண்டிட்டு வந்தபடியால்தான் பிடிச்சது."

"எப்ப முழுக்க முடியும்?"

சிவகுரு போத்தலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "தெரியாது அத்தான். வருஷக்கணக்கு எண்டு மட்டும் சொல்லலாம். இனி நான் பொறுப்பெண்டு சொல்லமாட்டன்."

ஆழ்வாப்பிள்ளையர் எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய் அலவாங்கை எடுத்து வந்தார். கூலிக்கு ஆள் பிடிப்போம் என்று அன்னபூரணம் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தன் கையால் ஆசை ஆசையாகப் பார்த்துப் பார்த்து அடிப்பித்த பலகை. முதல் பலகைக்குள் அலவாங்கைக் கொடுத்து நெம்பியபோது மனுசன் அழுதார். இரண்டாவதுக்கும் அழுதார். பிறகு அழ நேரமில்லாமல் போய்விட்டது. சிவகுருவும் சட்டையைக் கழற்றிவிட்டு சீலிங்கில் ஏறினான். அலுமாரி போனது. சீலிங் போனது. பின்னால் இருந்த பழைய சுண்ணாம்புச் சுவர், அங்கங்கே பொருக்கு விட்டு, அசிங்கமாகத் தெரிந்தது.

பலகை எல்லாம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. வெயில் கொஞ்சம் எறித்தது. அன்னபூரணம் குவியலை வெறுப்போடு பார்த்தாள். "அறுந்த பலகை. மண்ணெண்ணெயை ஊத்தி ஒரு நெருப்புக்குச்சியைக் கிழிச்சுப் போடுங்கோ, சனி தொலையட்டும்."

"எரிக்காதை!"

இரண்டு குரல் ஒன்றாக வந்தது. ஒன்று முற்றத்தில் நின்ற ஆழ்வாப்பிள்ளையருடையது. மற்றது விறாந்தையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்பிகையுடையது. அன்னபூரணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளையர் மெல்லத் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார். அவள் கை சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தது. மாட்டுக்கொட்டிலுக்குள் கிடந்தபோது பொத்தினது மாதிரியே.

அவர் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு விறாந்தைப் படியில் வந்து இருந்தார்.

"உனக்குமோ பிள்ளை?"

அம்பிகை தலையாட்டினாள். "வந்த அண்டைக்கே, அண்ணை. வாசலில நிக்கேக்கையே. கடை எரிஞ்ச மணம்."

"ஏன் சொல்லேல்லை?"

"எனக்கு மட்டும்தானெண்டு நினைச்சன். மண்டையில ஏதோ பிழையெண்டு. நீங்கள் அவ்வளவு சந்தோஷமா நிண்டனீங்கள். உங்களுக்கு அதை ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரேல்லை." கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

ஆழ்வாப்பிள்ளையர் முற்றத்துப் பலகையைப் பார்த்தார். அவரும் அதையேதான் நினைத்தார், அதற்காகவேதான் ஒளித்தார். ஒரே நெருப்பிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் நோகப்பண்ணக் கூடாதென்று மூன்று வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையைக் குடித்தது, அந்த ஆடியில் பிறந்தேயிராத பிள்ளை.

அவர் கையை நீட்டினார். அம்பிகை பிள்ளையைக் கொடுத்தாள். பிள்ளை தும்மிவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் நித்திரையானது. அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார் ஆழ்வாப்பிள்ளையர். ஒரு சத்தமும் இல்லை.

"அண்டைக்கு அந்தக் கொட்டிலுக்குள்ள நீ அழேல்லை" என்றார்.

"நீங்கள் அழாதை எண்டனீங்கள் அண்ணை."

"ஓம். இப்ப அழு."